ராணிக்கு மூச்சு வாங்குகிறது

1

எங்கள் வீட்டில் காலையில் முதலில் எழுந்திருப்பது போபோவின் இருமல். அதன் பிறகு போபோ எழுந்திருக்கும். அதற்கும் பிறகுதான் நான். என் கணவர் ஸ்டீபன் இந்த வரிசையிலேயே கிடையாது. நாயும் நானும் சேர்ந்து மாடிப்படியில் உருண்டாலும் அவருக்குத் தூக்கம் கலையாது.

நாங்கள் இருப்பது நெதர்லாந்தில், உத்ரெக்ட் என்ற ஊரில். இங்கே வீடுகள் ஒல்லியாகவும் உயரமாகவும் இருக்கும். மாடிப்படியைப் படி என்று சொல்வதே ஒரு மரியாதைக்காகத்தான், உண்மையில் அது சுவரில் சாய்த்து வைத்த ஏணி. படுக்கையறை மேலே, சமையலறை கீழே, நாய்க்கோ வயது பதினாலு. ஒரு கையை அதன் நெஞ்சுக்கு அடியிலும் இன்னொரு கையைப் பின்னங்கால்களுக்கு அடியிலும் கொடுத்துத் தூக்கிக்கொண்டு, பின்பக்கமாக ஒவ்வொரு படியாக இறங்குவேன். போபோ அப்போது என் முகத்தைப் பார்க்காது. தன்னைத் தூக்கிப் போகிறார்கள் என்பதே தனக்குத் தெரியாதது போல வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும். வயதானவர்களின் கௌரவம் நாய்க்கும் உண்டு.

கீழே வந்ததும் மருந்து. இதயத்துக்கு ஒன்று, மூட்டுக்கு ஒன்று, இரண்டையும் சீஸ் துண்டுக்குள் புதைத்துக் கொடுக்க வேண்டும். சீஸை மட்டும் தின்றுவிட்டு மாத்திரையைத் தரையில் துப்பும் வித்தையை எங்கே கற்றதோ தெரியவில்லை. பிறகு வாய்க்கால் ஓரமாக மெதுவான நடை. இந்தத் தெருவில் எல்லோருக்கும் போபோவின் பெயர் தெரியும், அதன் வயது தெரியும், போன குளிர்காலத்தில் அதற்குப் பல் பிடுங்கியது தெரியும். என் பெயர் யாருக்கும் தெரியாது. நான் போபோவின் அம்மா, அவ்வளவுதான்.

நாய் வேண்டும் என்று ஒரு காலத்தில் தரையில் புரண்டு அழுதவன் என் மகன் ஜோயல். இப்போது அவன் நாட்டின் வடக்கு மூலையில் வேறொரு ஊரில் இருக்கிறான், மாதம் ஒரு ஞாயிறு வருவான். முன்னால் மரப்பெட்டி வைத்த ஒரு சைக்கிள் எங்களிடம் இருக்கிறது. இங்கே பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துப் போக அதைத்தான் வைத்திருப்பார்கள். அந்தப் பெட்டியில் மழைக்கோட்டுப் போட்டுக்கொண்டு ஜோயல் உட்கார்ந்திருப்பான். இப்போது கம்பளி சுற்றிக்கொண்டு போபோ உட்கார்ந்திருக்கிறது. மிதிக்கிறவள் மட்டும் மாறவில்லை.

போன வாரம் அம்மாவின் நினைவு நாள். சென்னையில், மயிலாப்பூரில் எங்கள் பங்குக் கோயிலில் அப்பா பூசைக்குச் சொல்லியிருந்தார். நான் இங்கே ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, நாயைக் குளிப்பாட்டினேன். அம்மாவை நினைத்தால் கூடவே ராணியும் நினைவுக்கு வருகிறது, ராணியை நினைத்தால் அப்பா. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

2

ராணியை வீட்டுக்குள் கொண்டுவந்தது அம்மா. கோயில் வாசலில் மீன்காரம்மாவின் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த குட்டி. பழுப்பு நிறம், ஒரு காது மட்டும் மடிந்திருக்கும். அப்பா அப்போதே சொல்லிவிட்டார்: "உள்ள விடாத எமிலி. முடி கொட்டும், உண்ணி வரும், நான் ஒண்ணும் பாத்துக்க மாட்டேன்." அப்பா பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு தடவை சொன்னால் சொன்னதுதான். ராணியை அவர் தொட்டதில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டதுமில்லை. "உன் நாய்" என்றுதான் அம்மாவிடம் சொல்வார்.

என்னிடமும் அப்பா அதிகம் பேசினதில்லை. நான் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்ததிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் போன் செய்வேன். அப்பா எடுத்தால், "ம், நல்லா இருக்கியா? இரு, அம்மாகிட்ட குடுக்கறேன்" என்பார். நான் நல்லா இருக்கிறேனா இல்லையா என்ற பதிலைக் கேட்கக்கூட அவர் நின்றதில்லை. அவருக்கு என் மேல் பிரியம் இல்லை என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. பிரியத்தை வைத்துக்கொண்டு என்ன பேசுவது என்று அவருக்குத் தெரியவில்லை. இந்த வகை அப்பாக்கள் உங்கள் வீட்டிலும் இருப்பார்கள்.

அம்மா போன பிறகு போனைக் கொடுப்பதற்கு ஆள் இல்லை. முதல் சில ஞாயிறுகள் மிகக் கொடுமையாக இருந்தன. இரண்டு பேரும் மாறி மாறி "அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம். சென்னையில் வெயிலா, இங்கே மழையா என்று இரண்டு வானிலை அறிக்கைகள் முடிந்தால் பேச்சும் முடிந்துவிடும்.

ஒரு ஞாயிறு அப்பா தானாகவே சொன்னார்: "ராணிக்குக் கண்ணுல பூ விழுந்திருக்கு பாப்பா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் வாயிலிருந்து ராணி என்ற பெயர் வந்து நான் கேட்டதே இல்லை. போபோவுக்கும் அப்போதுதான் கண்ணில் புரை என்று டாக்டர் சொல்லியிருந்தார். அன்றைக்கு நானும் அப்பாவும் கண் சொட்டு மருந்து பற்றி, நான் இந்த ஊருக்கு வந்ததிலிருந்து பேசாத அளவுக்குப் பேசினோம்.

3

அதற்குப் பிறகு எங்களுக்கு விஷயத்துக்குப் பஞ்சமே இல்லை. கிழட்டு நாய் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், அதில் தினமும் ஒரு செய்தி உண்டு.

ராணியின் பின்னங்கால்கள் மொசைக் தரையில் வழுக்க ஆரம்பித்தன. அப்பா வீட்டிலிருந்த கால்மிதிகளையெல்லாம் வெட்டித் தைத்து, அம்மாவின் கட்டிலிலிருந்து தண்ணீர்க் கிண்ணம் வரைக்கும், கிண்ணத்திலிருந்து வாசல் வரைக்கும் ஒரு பாதை போட்டார். ராணி அந்தப் பாதையை விட்டு இறங்காது, தண்டவாளத்தில் போகிற ரயில் மாதிரிதான் நடமாட்டம். கண் முழுக்க மங்கின பிறகு வீட்டில் நாற்காலி ஒன்றைக்கூட நகர்த்தக் கூடாது என்று சட்டம் வந்தது. வெள்ளையடிக்க வந்தவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார். வயிற்றுக்கு அடியில் துண்டைக் கொடுத்து, இரண்டு முனையையும் பிடித்துப் பின்பாகத்தைத் தூக்கி நடத்துவது எப்படி என்று நான் வீடியோவில் போபோவை வைத்துக் காட்டினேன். அடுத்த ஞாயிறு அப்பா ராணியை வைத்து எனக்குத் திருப்பிக் காட்டினார். நான் சொல்லிக்கொடுத்ததைவிட ஒழுங்காக இருந்தது.

மாத்திரையை இட்லிக்குள் வைத்தால் ராணி கண்டுபிடித்துவிடும். கருவாட்டுக்குள் வைத்தால் கண்டுபிடிக்காது. இந்த உண்மையைக் கண்டறிந்த அன்று அப்பா ஞாயிறு வரை காத்திருக்காமல் வாரநாளிலேயே போன் செய்தார். நான் அலுவலகக் கூட்டத்திலிருந்து எழுந்து போய், என்னமோ ஏதோ என்று பதறிக்கொண்டு எடுத்தால், "கருவாடு பாப்பா, கருவாடு" என்கிறார்.

போன வருஷம் வெயில் முடிகிற சமயத்தில் செய்திகள் கொஞ்சம் மாறின.

"ராணிக்கு மூச்சு வாங்குது. மாடி ஏறினா நடுவுல நின்னுடுது" என்றார்.

எங்கள் வீடு முதல் மாடியில், லிஃப்ட் கிடையாது. நியாயம்தானே என்று நினைத்தேன்.

"படுத்தா இன்னும் ஜாஸ்தியா இருக்கு. ரெண்டு தலகாணி வெச்சாப் பரவால்ல."

"நாய்க்குத் தலகாணியாப்பா?"

"ஏன், வெக்கக் கூடாதா? உங்க ஊர்ல நாய்க்குக் கோட்டே போட்டுவிடறீங்க."

அப்புறம், கால் வீங்குகிறது என்றார். போபோவைக் காட்டப் போகும்போது இங்கே எங்கள் கால்நடை மருத்துவர் டாக்டர் எல்ஸாவிடம் இதையும் கேட்டேன். இந்த ஊரில் எனக்குக் காய்ச்சல் என்று டாக்டரைக் கூப்பிட்டால், அங்கே போனை எடுக்கிற அம்மையார், பாரசிட்டமால் போட்டுக்கொண்டு அடுத்த வாரம் கூப்பிடு என்பார். நாய் இருமினால் அன்றைக்கே வரச் சொல்வார்கள். டாக்டர் எல்ஸா என் ஓட்டை டச்சைப் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: இதயமாக இருக்கும், ஸ்கேன் எடுக்கச் சொல், உப்பைக் குறை, படி ஏற விடாதே. அப்புறம் நெற்றியைச் சுருக்கினார். நாய்களுக்கு இப்படிக் கால் வீங்குவதை அதிகம் பார்த்ததில்லை, வயிறுதான் வீங்கும், உங்கள் நாய் கொஞ்சம் விசித்திரமானது என்றார்.

சென்னை நாய் அப்படித்தான் என்று பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

அன்றைக்கே அப்பாவிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவர் ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டார். அடுத்த ஞாயிறு, "உப்பைக் குறைச்சேன் பாப்பா. நல்லாவே கேக்குது" என்றார்.

4

இரண்டு பேரையும் இங்கே கூட்டிவந்துவிடலாமா என்று ஸ்டீபன் கேட்டார். நல்ல மனுஷன், எதையும் யோசிக்காமல் கேட்பார். விசாரித்தேன். அப்பாவுக்கு வருகை விசா வாங்க ஒரு கட்டுக் காகிதம் வேண்டும். ராணிக்கு அதைவிடப் பெரிய கட்டு. தோலுக்கடியில் சிப், அப்புறம் வெறிநாய்க்கடித் தடுப்பூசி, அப்புறம் ரத்தப் பரிசோதனை, அந்த ரத்தம் ஒரு ஆய்வுக்கூடத்துக்குப் போய் அங்கிருந்து சான்றிதழ், அதற்குப் பிறகு மாதக்கணக்கில் காத்திருப்பு. எல்லாம் முடிந்தாலும் அப்பாவுக்குத் தங்க அனுமதி கொஞ்ச காலம்தான். ராணி வந்துவிட்டால் கடைசி வரை இருக்கலாம். யாரை நாட்டுக்குள் விடுவது என்பதில் இவர்களுக்குத் தெளிவு இருக்கிறது.

அப்பாவிடம் சொன்னேன். ஒரே பேச்சில் முடித்துவிட்டார்: "அது பிளைட்ல ஏறாது. அது ஏறாம நானும் ஏற மாட்டேன்."

சரி, நான்தான் போக வேண்டும் என்று கிளம்பினேன். நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தது, அம்மாவுக்குப் பூ வைத்த மாதிரியும் ஆகும், ராணியை நல்ல டாக்டரிடம் காட்டின மாதிரியும் ஆகும். பெட்டியில் ராணிக்கு ஒரு மூட்டு மருந்து, ஒரு ரப்பர் பாய், வழுக்காத காலுறை. அப்பாவுக்கு ஒரு சாக்லேட் பெட்டி. இதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

5

மயிலாப்பூரில் மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்டிருந்தார்கள். எந்தத் தெரு எங்கே திரும்புகிறது என்பது ஆட்டோக்காரருக்கே மறந்துவிட்டது. வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மழை. வாசலில் ராணி கால்மிதிப் பாதையின் நுனியில் நின்று மூக்கைத் தூக்கி என்னை முகர்ந்தது. என் பேண்டில் போபோவின் வாசனை இருந்திருக்க வேண்டும். நெடுநேரம் அதையே முகர்ந்துகொண்டிருந்தது.

வீட்டு வேலையும் சமையலும் பார்க்கிற சாந்தி, என்னைத் தனியாகப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாக்கா, நீ ஃபாரின் டாக்டராண்ட கேட்டுகினு நாய்க்கு உப்பு வாணாம்னு சொன்னியாமே?"

"ஆமா, ஏன்?"

"அன்னிலேர்ந்து பெரியவருக்கும் உப்பே போட வாணாம்ன்றாரு. ரசத்துல கூட கெடையாது. வாய்ல வெக்க முடியல. நாய்க்குத் துணையா இவரும் பத்தியம் கீறாரு."

நான் சிரித்தேன். அந்தக் கிழவருக்கு அந்த நாய் மேல் எவ்வளவு பாசம் பார் என்று சாந்தியிடம் சொன்னேன். அதுதான் என் புத்தி.

கல்லறைத் தோட்டத்திலும் அப்பா நடுவில் யாரோ ஒருவருடைய கல்லறை மேல் உட்கார்ந்துவிட்டார். ராணி தனியாக இருக்கும், சீக்கிரம் போகலாம் என்றார். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

அடுத்த நாள் ராணியை அடையாறில் ஒரு நாய் டாக்டரிடம் கூட்டிப்போனோம். முதல் ஆட்டோ நாயைப் பார்த்ததும் நிற்காமல் போய்விட்டது. இரண்டாவது ஆட்டோக்காரர் வண்டியை நிறுத்தி, "கடிக்குமா சார்?" என்று கேட்டார். "பல்லே இல்ல, எங்க கடிக்கறது" என்றார் அப்பா. "அப்ப ஏறு நைனா" என்று அவர் ராணியைப் பார்த்துச் சொன்னார்.

மருத்துவமனை ஒரு மருந்துக்கடைக்கு மேலே, மாடியில் இருந்தது. நான் ராணியின் வயிற்றுக்கடியில் துண்டைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டேன். அது முன்னங்கால்களால் ஒவ்வொரு படியாக ஏறியது. மேலே மற்ற நாய்களின் வாசனை வந்ததும் அதற்கு உற்சாகம், என்னையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது. மேல்படியில் நின்று நான் மூச்சு விட்டபோது பின்னாலிருந்து அப்பாவின் குரல் கேட்டது.

"ராணிய நிறுத்து பாப்பா... அதுக்கு... மூச்சு வாங்குது... கொஞ்சம் நிக்கட்டும்."

திரும்பிப் பார்த்தேன். ராணி என் பக்கத்தில் வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. அப்பா பாதிப் படியில், கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து நின்றிருந்தார். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. வாய் திறந்திருந்தது.

உள்ளே டாக்டர், சின்ன வயதுக்காரர், ராணியின் நெஞ்சில் குழாயை வைத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கேட்டார். வயிற்றை அமுக்கிப் பார்த்தார். ரத்தம் எடுத்தார்.

"கிட்னி கொஞ்சம் சந்தேகமா இருக்கு. ரிப்போர்ட் வரட்டும். கண்ணு, இடுப்பு எல்லாம் வயசுதான். ஆனா ஹார்ட்டு சூப்பரா இருக்கு மேடம். மூச்சு வாங்குதுன்னு யாரு சொன்னது?"

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் சுவரில் ஒட்டியிருந்த உண்ணி மருந்து விளம்பரத்தைக் கவனமாகப் படித்துக்கொண்டிருந்தார். நான் குனிந்து அவர் கால்களைப் பார்த்தேன். செருப்பின் வார் சதைக்குள் புதைந்திருந்தது.

திரும்பி வரும்போது ஆட்டோவில் அப்பாவின் வேட்டியைக் கொஞ்சம் ஒதுக்கி, கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலால் அழுத்தினேன். பள்ளம் விழுந்தது. அடையாறு ஆற்றுப் பாலத்தைத் தாண்டும் வரையில் அந்தப் பள்ளம் நிரம்பவில்லை.

"எத்தனை நாளா இப்படி?"

"ராணிக்கா?"

"அப்பா!"

நான் கத்தின கத்தலில் ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்தார். அப்பா ராணியின் மடிந்த காதைத் தடவிக்கொண்டே இருந்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்.

"நீ அங்க இருந்துக்கிட்டு என்ன பண்ண முடியும்? எனக்குன்னு சொன்னா பதறிப்போய் டிக்கெட் போட்டு வந்து நிப்ப. அதுக்குன்னு சொன்னா நிதானமா டாக்டர்கிட்ட கேட்டுச் சொல்ற. நீ சொன்னதெல்லாம் நல்லாத்தான் கேட்டுது."

ஒரு மனிதர், கணக்கு வாத்தியார், பல மாதமாக உத்ரெக்ட் நாய் டாக்டர் சொன்ன வைத்தியத்தில் இருந்திருக்கிறார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, இரண்டும் சேர்ந்து மூக்கில் வழிந்தது. அவர் தன் கைக்குட்டையைக் கொடுத்தார். அதில் ராணியின் முடி ஒட்டியிருந்தது.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்குக் கெட்ட செய்தி சொல்லக் கூடாது என்பது நம் வீடுகளில் எழுதாத சட்டம். அத்தை ஆஸ்பத்திரியில் இருந்தது அத்தை வீடு திரும்பிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அம்மாவுக்குக் கட்டி என்பது அறுவை சிகிச்சை முடிந்த பிறகு தெரிந்தது. என்னைப் போன்றவர்களுக்கு ஊரிலிருந்து வருவது "எல்லாரும் நல்லா இருக்கோம்" என்ற ஒரே செய்திதான். அப்பா ஒருவர்தான் அந்தச் சட்டத்தை மீறாமலே உண்மையைச் சொல்ல வழி கண்டுபிடித்திருக்கிறார்.

6

மனிதர்களுக்கான டாக்டர் எல்லாச் சோதனையும் செய்தார். இதயம் ரத்தத்தைத் தள்ளுகிற வேகம் குறைந்திருக்கிறது, மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் ஓட்டலாம் என்றார். என்னை நிறுத்தி வைத்து ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார்.

"கால் வீங்கினாலோ, படுத்தா மூச்சு முட்டினாலோ அன்னிக்கே வரணும். நாளைக்குப் பாத்துக்கலாம்னு இருந்தா கஷ்டம். இவரு சொல்லுவாரா?"

அப்பா முதல் பெஞ்ச் மாணவனைப் போலத் தலையாட்டினார். எனக்கு நம்பிக்கை வரவில்லை.

நான் நினைத்தது சரியாகத்தான் இருந்தது. உத்ரெக்ட் திரும்பிய முதல் ஞாயிறே, "நான் நல்லா இருக்கேன். ராணிக்குத்தான் இன்னிக்குக் கால் கொஞ்சம் வீங்கின மாதிரி இருக்கு" என்றார். எல்லாம் வெட்டவெளிச்சமான பிறகும்! கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். அப்புறம் மூடிக்கொண்டேன். இப்படியாவது சொல்கிறாரே. "அப்படியா, அதுக்கு எந்தக் கால் வீங்கியிருக்கு? அமுக்கினா பள்ளம் விழுதா?" என்று விசாரித்தேன். அவரும் ஒளிக்காமல் பதில் சொன்னார். போனை வைத்ததும் சாந்தியைக் கூப்பிட்டு, பெரியவரை உடனே டாக்டரிடம் அனுப்பச் சொன்னேன். மாத்திரையைக் கூட்டினார்கள், வீக்கம் வடிந்தது. அடுத்த ஞாயிறு ராணிக்குத் தேவலை என்று செய்தி வந்தது.

ஐந்தாறு மாதம் இப்படியே ஓடியது. அசலில் ராணிக்கு என்ன, ராணி பெயரில் அப்பாவுக்கு என்ன என்று பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டேன். கருவாட்டைத் தொடவில்லை என்றால் அது ராணி. தலையணை என்றால் அது அப்பா.

ஆனால் ராணியின் ரத்தப் பரிசோதனை வந்தபோதே அந்தச் சின்ன டாக்டர் சொல்லியிருந்தார், இரண்டு சிறுநீரகமும் போய்க்கொண்டிருக்கின்றன என்று. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. நாய் போய்விடுமே என்ற துக்கம் ஒரு பக்கம் இருக்கட்டும். அது போய்விட்டால் என் அப்பாவுக்கு என்ன செய்கிறது என்று எனக்கு யார் சொல்வார்கள்?

7

ராணி இந்த வருஷம் சித்திரை வெயிலில் போய்விட்டது. சோற்றை நிறுத்தியது, அப்புறம் கருவாட்டை, அப்புறம் தண்ணீரை. அப்பா ஊசியில்லாத சிரிஞ்சில் இளநீரை எடுத்து அதன் கடைவாயில் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தார். ஒரு மத்தியானம் அவர் பாதத்தின் மேல் தலையை வைத்துப் படுத்தது, எழுந்திருக்கவில்லை. பாலவாக்கத்தில் என் சித்தி மகன் வின்சென்ட்டின் வீட்டுத் தோட்டத்தில் புதைத்தார்கள்.

அன்று மாலை ஜோயல் தாத்தாவை வீடியோவில் கூப்பிட்டான். அவனுக்குத் தமிழ் அவ்வளவாக வராது. தெரிந்ததில் பாதி நான் போபோவிடம் பேசுவதைக் கேட்டுக் கற்றது. வா, உக்காரு, போதும், சாப்பிடு. திரையில் தாத்தாவின் முகத்தைப் பார்த்ததும் அவனுக்கு அந்தப் பாதியும் மறந்துவிட்டது. கடைசியில், போபோவைத் தூக்கும்போது நான் கேட்பதைக் கேட்டான்.

"வலிக்குதா தாத்தா?"

"ஆமாண்டா கண்ணு" என்றார் அப்பா.

அதன் பிறகு வந்த ஞாயிறுகளில் நான் பயந்தது நடந்தது. "நல்லா இருக்கேன். வெயில் ஜாஸ்தி. நீங்க எப்படி?" அவ்வளவுதான். சாந்தி மகளின் பிரசவத்துக்காக ஊருக்குப் போயிருந்தாள். பதிலாக வந்த பெண் எதைக் கேட்டாலும் "நல்லாகீறாரு" என்றாள். கால்மிதிப் பாதையை எடுத்துவிட்டீர்களா என்று ஒரு தடவை கேட்டேன். எடுக்கவில்லை, அதன் மேலேதான் நடக்கிறேன் என்றார்.

வேறொரு நாய் வாங்கித் தரட்டுமா என்றும் கேட்டுப் பார்த்தேன். "அத யாரு பாப்பா பாத்துக்கறது" என்றார். அதிலிருந்தும் ஒன்றும் தெரிந்துகொள்ள முடியவில்லை.

அப்புறம் ஒரு புதன்கிழமை, நான் அலுவலகத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவரே கூப்பிட்டார். வாரநாளில் கூப்பிட்டது கருவாட்டுக்கு அப்புறம் அதுதான் முதல் தடவை. எடுத்தேன். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

"அப்பா? என்னாச்சு?"

"மூச்சு வாங்குது."

"யாருக்குப்பா?"

பழக்கதோஷம். கேட்ட மறுகணமே நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"எனக்குத்தான் பாப்பா" என்றார். "காலைலேர்ந்து. படுக்க முடியல. எனக்கு... பயமா இருக்கு."

வின்சென்ட்டுக்குப் போன் போட்டேன். வண்டியை எடுத்துக்கொண்டு வந்து, பெரியப்பாவைக் கைத்தாங்கலாக இறக்கி ஆஸ்பத்திரியில் சேர்த்தான். நுரையீரலில் நீர் கோத்திருந்ததாம். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் சிரமம் என்றார்களாம். ஊசி போட்டு நீரை இறக்கினார்கள். நான் டிக்கெட் போடக் கிளம்பினேன். அப்பா வேண்டாம் என்றார், தேவையென்றால் தானே சொல்வதாகச் சொன்னார். முதல் தடவையாக அவர் பேச்சை நம்பினேன்.

இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து கூப்பிட்டார். குரல் தெளிந்திருந்தது. கேட்காமலே சொன்னார். கால் வீக்கம் வடிந்துவிட்டது, இடது முட்டிதான் மடக்க முடியவில்லை, அது ரொம்ப நாளாகவே இருக்கிறது. வலது காது சரியாகக் கேட்பதில்லை. கீழ்ப்பல் ஒன்று ஆடுகிறது. சில சமயம் அம்மாவைக் கூப்பிட்டுவிடுகிறார், அப்புறம்தான் நினைவு வருகிறது. அடிமுதல் முடிவரை சொல்லி முடித்தார்.

"போபோ எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"வயசாயிடுச்சுப்பா. இந்தப் படி ஏறவே முடியல. பாதியில நின்னு நின்னுதான் ஏற வேண்டியிருக்கு."

நான் என்ன சொன்னேன் என்பது எனக்கே அப்போதுதான் காதில் விழுந்தது. போபோ படி ஏறி எவ்வளவோ காலமாகிறது. நான்தான் அதைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறேன்.

"போபோ கெடக்கட்டும்" என்றார் அப்பா. "உனக்கு எப்படி இருக்கு? சொல்லு."

நல்லா இருக்கேன் என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. சமையலறைத் தரையில் போபோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, ஸ்டீபனிடம்கூட இன்னும் சொல்லாத என் இடுப்பு வலியைப் பற்றி அப்பாவிடம் சொல்ல ஆரம்பித்தேன்.